உணவும் உள்ளமும்

ஒருவன் காரணமின்றிச் சினந்தால், அவன் குணம் கெட்டவன் என்று உலகம் கூறும். மாணவன் ஒருவன் வகுப்பில் மந்தமாக அமர்ந்திருந்தால், அவன் சோம்பேறி எனப் பெயர் பெறுவான். எளிய கணக்கில் பிழை செய்யும் தொழிலாளி கவனமற்றவன் என்று ஏசப்படுவான். குணமும் ஊக்கமும் கவனமும் உள்ளத்தின் பண்புகள் என்பது உண்மையே. ஆயினும் அவ்வுள்ளம் ஓர் உடலில் குடியிருக்கிறது. அவ்வுடலோ உணவால் இயங்குகிறது. ஆதலின், ‘இவன் ஏன் இவ்வாறு நடந்துகொண்டான்?’ என்று வினவுமுன், ‘இவன் எப்பொழுது உண்டான்? என்ன உண்டான்? உண்டது செரித்ததா?’ என்று வினவுதல் அறிவுடைமையாகும். வயிற்றை மறந்து மனத்தை மட்டும் திருத்த முயல்வது, வேரில் நீர் விடாமல் இலையைத் துடைப்பதை ஒக்கும்.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருவள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதனுள் ஒரு மருந்தின் பெயரேனும் இடம்பெறவில்லை. அளவறிந்து உண்ணுதலையும், முன்னர் உண்டது செரித்தபின் உண்ணுதலையுமே அவர் பெரிதும் வற்புறுத்துகிறார். மணிமேகலைக் காப்பியமோ பசியை ஒரு பிணியாகவே கண்டு, அது மனிதனின் கல்வியையும் மானத்தையும் அழிக்கும் என்று காட்டுகிறது. நூல்களில் மட்டுமன்றி வாழ்விலும் இவ்வுண்மையை நிலைநாட்டியவர் வடலூர் இராமலிங்க அடிகள். அவர் 1867-ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து, வருவோரின் பசியை ஆற்றி வருகிறது. பசி மிகும்பொழுது அறிவு தெளிவிழப்பதையும், நினைவு தடுமாறுவதையும், கண் செவி முதலிய பொறிகள் தளர்வதையும், உணவு பெற்றவுடன் இவையெல்லாம் மீண்டு வருவதையும் அடிகள் தம் உரைநடையில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்துள்ளார். பசித்தவனுக்கு அறம் போதிப்பதற்கு முன் சோறிட வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

வடலூர் அமைந்துள்ள அதே கடலூர் மாவட்டத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் தொழில் வளர்க்கும் பொருட்டு 1971-ஆம் ஆண்டில் அரசு தோற்றுவித்த கழகமே சிப்காட் எனப்படுவது. அக்கழகம் அமைத்த இத்தொழிற்பேட்டையின் ஒருபுறம் உப்பனாறு ஓடுகிறது. மறுபுறம் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்கள் இருக்கின்றன. வேதிப்பொருள்களும் மருந்துப்பொருள்களும் சாயப்பொருள்களும் ஆக்கும் ஆலைகள் இங்கு மிகுதி. இத்தகைய ஆலைகளில் பல, இரவென்றும் பகலென்றும் பாராமல் இயங்குபவை. ஆகவே தொழிலாளர் ‘ஷிப்டு’ என வழங்கும் மூன்று முறைகளில் மாறி மாறி வேலை செய்கின்றனர்.

முறைவேலை செய்வோரின் உணவுப் பழக்கத்தைச் சற்று உற்று நோக்குவோம். காலை ஆறு மணி வேலைக்குச் செல்பவர் விடியுமுன் புறப்பட வேண்டும்; அப்பொழுது பசியும் இராது, உணவும் ஆகியிராது. வழியில் ஒரு தேநீர், அதனுடன் ஒரு வடை அல்லது பன், அவ்வளவே. பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். அதனை மற்றுமொரு தேநீரால் அடக்குவர். இரவு வேலைக்குச் செல்பவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பகலில் அரைகுறையாக உறங்கி எழுந்து, சாலையோரக் கடையில் பரோட்டாவும் சால்னாவும் உண்டு, நள்ளிரவுக்குப் பின் உறக்கம் வராதிருக்க மீண்டும் மீண்டும் சர்க்கரை மிகுந்த தேநீரைப் பருகுவர். உடலுக்கு ஒரு நாட்கணக்கு உண்டு. பகலில் உணவைச் செரித்துப் பயன்கொள்ளும் ஆற்றல் இரவில் குறைகிறது. ஆகையால் நள்ளிரவில் உண்ட கனத்த உணவு வயிற்றில் சுமையாகவே தங்குகிறது. நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல், வயிற்றுப்புண் ஆகியவை முறைவேலை செய்வோரிடம் மிகுதியாகக் காணப்படுவதாக மருத்துவர் கூறுவர்.

இத்துன்பங்கள் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே. ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய குளுக்கோசு குருதியின் வழியாக இடையறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். சர்க்கரையும் மைதாவும் அதனை விரைந்து ஏற்றி, விரைந்து இறக்கிவிடுகின்றன. இறங்கும் வேளையில் பலருக்குச் சோர்வும் எரிச்சலும் தோன்றுகின்றன. பருப்பும் காய்கறியும் தவிடு நீக்காத தானியமும் கலந்த உணவோ மெல்லச் செரித்து, நெடுநேரம் துணை நிற்கிறது.

வயிற்றுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு இதனினும் ஆழமானது. உணவுக் குழாயின் சுவர்களில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அதனால் அறிஞர் சிலர் குடலை ‘இரண்டாம் மூளை’ என்று அழைப்பர். குடலையும் தலையையும் இணைக்கும் வேகசு என்னும் நரம்பு இவ்விரண்டுக்கும் இடையே தூது செல்கிறது. மூளை ஆணையிடுகிறது, குடல் பணிகிறது என்று எண்ணுவோர் வியப்படைவர். ஏனெனில் அந்நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுசெல்பவை. குடல் கேட்பதைவிடச் சொல்வதே மிகுதி.

மனம் வயிற்றைத் தாக்குவதை முதன்முதல் நேரிற் கண்டவர் வில்லியம் பியூமாண்ட் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822-ஆம் ஆண்டில் அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் இளந்தொழிலாளி துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் காயமுற்றார். உயிர் பிழைத்தார், ஆயின் காயம் முழுதும் மூடவில்லை. இரைப்பையினுள் காணக்கூடிய ஒரு துளை எஞ்சிவிட்டது. பியூமாண்ட் அத்துளையின் வழியே உணவு செரிக்கும் வகையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1833-இல் நூலாக வெளியிட்டார். அத்தொழிலாளி சினமுற்ற வேளையில் செரிமானம் கெடுவதை அவர் குறித்துள்ளார். சண்டையிட்டுக்கொண்டே உண்ணாதே என்று பாட்டிமார் கூறிவந்தது வீண் சொல்லன்று.

இனி, வயிறு மனத்தைத் தாக்கும் வழியைக் காண்போம். மனிதனின் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உடலின் அணுக்கள் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை நுண்ணுயிர்களும் உடலில் உண்டு எனக் கணக்கிட்டுள்ளனர். இவற்றுட் பல நமக்கு விருந்தினர் அல்லர், உழைப்பாளிகள். மனிதனால் செரிக்க முடியாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. நார் இல்லாத உணவையே நாள்தோறும் உண்டால், அவ்வுழைப்பாளிகள் பட்டினி கிடக்க நேரும். 2004-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், நுண்ணுயிர் சிறிதும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் இடுக்கண் வந்தபொழுது மற்ற எலிகளைவிட மிகுதியாகக் கலங்குவதைக் கண்டனர். நன்மை செய்யும் ஒருவகை நுண்ணுயிரை அவற்றின் குடலில் இளமையிலேயே குடியேற்றியபொழுது அக்கலக்கம் தணிந்தது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னோடியாக ஓர் ஆராய்ச்சி நடந்தது. நீலகிரியில் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சி நடத்தி வந்தார். அவர் 1918-இல் தொடங்கிய அவ்வாராய்ச்சிப் பணியே பின்னர் வளர்ந்து, ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிலைபெற்றது. மெக்காரிசன் எலிகளை இரு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு முழுக்கோதுமை ரொட்டி, பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை அளித்தார். மற்றொரு கூட்டத்துக்கு அக்கால இங்கிலாந்தின் ஏழை மக்கள் பலர் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை மிகுந்த தேநீர், வேகவைத்த காய், டப்பா இறைச்சி, பழப்பாகு ஆகியவற்றை அளித்தார். முதற் கூட்டம் நன்கு வளர்ந்து ஒற்றுமையாக வாழ்ந்தது. இரண்டாம் கூட்டத்து எலிகள் வளர்ச்சி குன்றின. குடல்நோயும் நுரையீரல்நோயும் அவற்றைப் பற்றின. அமைதியிழந்து, பேணுவோரையே கடிக்க முற்பட்டன. அறுபது நாள்களுக்குள் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் மெக்காரிசன் இதனை விளக்கினார். இந்தியாவின் பல பகுதி உணவுகளை அவர் எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டபொழுது, தீட்டிய அரிசி மிகுந்து, பாலும் காய்கறியும் குறைந்திருந்த சென்னை மாகாண உணவு கடைசி வரிசையில் நின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எலி வேறு, மனிதன் வேறு என்று சிலர் கூறலாம். அது நேர்மையான மறுப்பே. மனிதரிடையேயும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயுற்ற 67 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு நல்லுணவு பற்றிய அறிவுரையும், மற்றொரு சாராருக்கு அன்பான உரையாடலும் 12 வாரங்கள் கிடைத்தன. உணவைத் திருத்திக்கொண்டவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயினின்று மீண்டனர். மற்றவருள் பத்தில் ஒருவர்கூட அவ்வளவு மீளவில்லை. ஆய்வு சிறிதே, அதனைக்கொண்டு எல்லாம் தெளிந்துவிட்டது என்று கூறலாகாது. எனினும் அது காட்டும் திசை தெளிவானது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உடலிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளில் நூற்றில் தொண்ணூறு பங்கு குடலில் உண்டாகிறது. மூளையில் அப்பொருளுக்கு மனநிலையோடு தொடர்பு உண்டு. இவ்விரு செய்திகளையும் ஒட்டவைத்து, ‘இதனைக் குடித்தால் மகிழ்ச்சி பெருகும்’ என்று விலையுயர்ந்த பானங்களை விற்போர் உளர். குடலில் உண்டாகும் செரட்டோனின் குருதியிலிருந்து நேரே மூளைக்குள் புகுவதில்லை என்பதை அவர்கள் சொல்லுவதில்லை. அவ்வாறே, வாழ்வில் நேரும் துயரம் எல்லாம் வயிற்றிலிருந்து பிறப்பதுமில்லை. கடன், பிரிவு, அவமதிப்பு ஆகியவற்றைக் கீரையால் தீர்க்க இயலாது. வாரக்கணக்கில் நீங்காத மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுதலே முறை. நல்லுணவு மருத்துவத்துக்குத் துணையாகும், மாற்றாகாது.

ஆயினும் சிப்காட் போன்ற இடத்தில் உணவைச் சிறு செய்தியாகத் தள்ளிவிடுதல் தகாது. வேதிப்பொருள் ஆலையில் ஒரு குழாயின் அடைப்பானைத் திறப்பதும் மூடுவதும், அழுத்தமானியைப் பார்த்துக் குறிப்பதும், பீப்பாயின் மேல் ஒட்டிய எழுத்தைப் படிப்பதும் தெளிந்த மனத்தை வேண்டுவன. அங்கே ஒருவர் கண்ணயர்ந்தால் துன்பம் அவரோடு நிற்பதில்லை. உடன் உழைப்பவரையும் மதிலுக்கு வெளியே வாழும் ஊரையும் சேரக்கூடும். காப்புக் கண்ணாடியையும் கையுறையையும் தலைக்கவசத்தையும் வழங்கும் நிருவாகம், காலத்தில் கிடைக்கும் நல்லுணவையும் அவ்வரிசையில் வைத்து எண்ண வேண்டும். 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலையில் உணவகம் அமைக்கச் செய்யவும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்காதிருக்கவும் வழிசெய்தது. அரைமணி ஓய்வு என்பது சட்டம் இட்ட பிச்சையன்று. உழைப்பவனின் அறிவைக் காக்கும் ஏற்பாடு. அவ்வரைமணியை நின்றவாறே பருகும் தேநீரில் கழிக்க நேருமாயின், சட்டத்தின் சொல் காக்கப்பட்டாலும் பொருள் கைநழுவிவிடும். ஒப்பந்தத் தொழிலாளர் என்பதனால் ஒருவருக்கு உணவகத்தின் கதவு மூடப்படுமாயின், அது அறமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

நல்லுணவுக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. வறியவன் கையில் இருப்பதைத்தானே உண்ண முடியும் என்பர். இதில் உண்மை உண்டு. போதிய கூலியின்றி நல்லுணவு பேசுதல் வெறும் உபதேசமாகும். ஆயினும் கூலி கிடைத்தும் உணவு கெடுவதைக் காண்கிறோம். முன்னாளில் கடலூர்ப் பகுதி உழவர் விடியற்காலையில் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் சின்ன வெங்காயத்தோடு உண்டு வயலுக்குச் சென்றனர். இரவு முழுதும் நீரில் ஊறிய சோற்றில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. ஏழையின் உணவு என்று இகழப்பட்ட அதனைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் குடல்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது, அதன் மதிப்பை நாட்டுக்கு நினைவூட்டிற்று. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் மோரும் இவ்வகையினவே. முருங்கைக் கீரை பல வீட்டுக் கொல்லையில் கிடைக்கிறது. கடற்கரை ஊர்களில் மத்தியும் நெத்திலியும் உயர்ந்த மீன்களைவிடக் குறைந்த விலைக்கு வருகின்றன. இவற்றை விட்டு, பொட்டலத்தில் அடைத்த வறுவலையும் வண்ணப் பானத்தையும் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வறுமையின் குற்றமன்று, விளம்பரத்தின் வெற்றி.

வீட்டினுள்ளும் ஒரு நீதி வேண்டும். கணவனுக்கும் மக்களுக்கும் படைத்துவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் உண்ணும் தாயின் பொறுமையைப் பலரும் புகழ்வர். அப்புகழ்ச்சி அவள் குருதியில் இரும்பைச் சேர்ப்பதில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர். குருதிச்சோகை உடையவருக்கு மூச்சிரைப்பும் களைப்பும் மட்டுமன்றி, கவனக்குறைவும் மனச்சலிப்பும் வருவதுண்டு. ‘அம்மா எப்பொழுதும் எரிந்து விழுகிறாள்’ என்று குறை கூறும் பிள்ளைகள், அவள் தட்டில் கீரையும் பயறும் விழுந்தனவா என்று பார்த்தல் வேண்டும். உணவுண்ட உடனே தேநீர் பருகினால் அவ்வுணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும்; ஆதலின் உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் நன்று.

பள்ளி மாணவர்க்கும் இவ்வறிவு வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. ஓர் அரசு மும்முறை இவ்வழியில் நடந்ததற்குக் காரணம், சோறும் கல்வியும் வெவ்வேறு துறைகள் அல்ல என்பதே. ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர், வீட்டில் உணவு இருந்தும், பேருந்துக்கு நேரமாயிற்று என்று வெறும் வயிற்றுடன் ஓடிவருகின்றனர். மூன்றாம் பாடவேளையில் எழுத்துகள் கண்ணுக்குமுன் மிதக்கும்பொழுது, கணக்கு கடினம் என்று வருந்துகின்றனர். கடினம் கணக்கில் இருக்கலாம். காலையில் திறக்காத உணவுப் பாத்திரத்திலும் இருக்கலாம்.

இவையெல்லாம் நோக்கின், செய்ய வேண்டியவை அரியன அல்ல. காலத்தில் உண்ணுதல், பசித்து உண்ணுதல், நாள்தோறும் கீரையோ பயறோ ஒன்றைத் தவறாது சேர்த்தல், இரவில் எளிதாக உண்ணுதல், போதிய நீர் பருகுதல், உண்ணும்பொழுது பூசலைத் தவிர்த்தல் ஆகியவையே போதும். முறைவேலை செய்வோர் கனத்த உணவை நள்ளிரவுக்கு முன்னரே முடித்துக்கொண்டு, பின்னர்ச் சிறிது சுண்டலோ வாழைப்பழமோ மோரோ கொள்ளலாம். இவற்றுக்கு வேண்டிய நேரத்தை ஆலையும், வேண்டிய அன்பை இல்லமும் அளித்தல் கடன்.

சினத்தை அடக்குக, சோம்பலை விடுக என்று அறநூல்கள் கூறுவன என்றும் மெய்யே. அவற்றைப் பின்பற்றுவதற்கு உடலும் இடம் கொடுக்க வேண்டும் அன்றோ? தன் தட்டைக் கவனிப்பவன் தன் மனத்தின் ஒரு கதவைக் காக்கிறான். பிறர் தட்டையும் கவனிப்பவன் அவர்தம் நடத்தையைப் பொறுமையோடு மதிப்பிடக் கற்றுக்கொள்கிறான். இரவு வேலை முடித்துச் சினந்த முகத்தோடு வீடு திரும்பும் தந்தைக்கு மறுமொழி கூறுமுன் ஒரு குவளை நீராகாரம் எடுத்து நீட்டும் பிள்ளை, இப்பாடத்தின் பொருளை உணர்ந்த பிள்ளையாவான்.